பெயர் மறந்த காட்டேரிப் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமான பூனாகலையில் பிறந்து வளர்ந்து, இப்போது கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ கனடாவிலோ இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களில் சிலரிடம் இப்படி ஒரு படத்தின் நினைவு இருக்கும். கார்ட்டூன் படம். அதில் ஒரு ரத்தக்காட்டேரி வரும். நீளமான பல், கறுப்புப் போர்வை, ஏதோ ஒரு கட்டத்தில் வௌவாலாக மாறிப் பறக்கும். அன்றைக்கு இரவு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வெளியே இருந்த கக்கூசுக்குத் தனியாகப் போகப் பயந்து, அம்மாவை எழுப்பித் திட்டு வாங்கியது அப்படியே நினைவிருக்கும். படத்தின் பெயர் மட்டும் வராது.

அதற்குக் காரணம் உண்டு. பெயர் திரையில் ஆங்கில எழுத்தில் வந்து போயிருக்கும். சிங்களக் குரல் கொடுத்த படமென்றால் சிங்கள எழுத்தில் வந்திருக்கும். தோட்டப் பாடசாலையில் இரண்டாம் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கு இரண்டும் வெறும் கோடுகள். ஆகவே அந்தப் பெயரை நீங்கள் மறக்கவே இல்லை, ஒருநாளும் அறிந்திருக்கவில்லை. இல்லாத ஒன்றை நெற்றியைத் தேய்த்து வரவழைக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டாலே பாதிச் சோர்வு போய்விடும்.

தேடத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்வது கூகிளில் ‘டிராகுலா கார்ட்டூன்’ என்று தட்டுவது. படங்கள் வந்து கொட்டும். இருபது முகங்களைப் பார்த்த பிறகு எது தன் பழைய நினைவு, எது இப்போது பார்த்தது என்று பிரிக்க முடியாது. நினைவு கலங்கிவிடும், பிறகு தெளியாது. இந்த அத்தியாயம் வேறு வழி சொல்கிறது. படம் உங்களிடம் வந்த பாதையை முதலில் கண்டுபிடியுங்கள். பூனாகலை போன்ற ஒரு தோட்டத்துக்கு வெளியுலகப் படம் வந்து சேர எண்ணி நான்கைந்து வழிகளே இருந்தன. ஒவ்வொரு வழிக்கும் ஒரு காலம் உண்டு. வழி தெரிந்தால் ஆண்டு தெரியும். ஆண்டு தெரிந்தால் முக்கால்வாசிப் படங்கள் தாமாகவே விலகிவிடும்.

முதலில் ஒரு கொப்பி

தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுங்கள். நினைவில் இருப்பதை எழுதுங்கள், முடிந்தால் வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பவை எழுத்தில் வராது, படத்தில் வந்துவிடும். கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, பிறகு நீங்களாக ஊகித்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தேதியும் போடுங்கள். இதற்குப் பிறகு எத்தனை படம் பார்த்தாலும் இந்தப் பக்கத்தைத் திருத்தாதீர்கள்.

எழுதியதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் பேய்க்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதையில் இருந்த பழங்குடித் தோணி, எழுதியவர்கள் கையில் சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. அவர்களுக்குப் பழக்கமில்லாதவை உதிர்ந்துபோக, பழக்கமானவை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

தோட்டத்துப் பிள்ளைகளான நாங்களும் இதைத்தான் செய்தோம். ஐரோப்பியக் கோட்டையைப் பார்த்துவிட்டு ‘பங்களா’ என்றோம்; எங்களுக்குத் தெரிந்த பெரிய, தனியான, பயமூட்டும் வீடு துரை பங்களாதான். காட்டேரியின் தோளிலிருந்து தொங்கிய துணியைக் ‘கம்பளி’ என்றோம், மழையில் கொழுந்தெடுக்கப் போகும் அம்மா போர்த்துவதுபோல. டிராகுலா என்ற சொல்லே எங்களுக்குப் பின்னால் வந்தது. அப்போது அது காட்டேரி. இந்தச் சொல்லுக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. நம் மரபில் காட்டேரி பெரும்பாலும் பெண்; காட்டேரியம்மனுக்குப் படையல் போடும் வழக்கம் இன்றும் உண்டு. ‘காட்டேரி வந்தாள்’ என்று உங்கள் கொப்பியில் எழுதியிருந்தால், படத்தில் வந்தது உண்மையிலேயே பெண்ணா, சொல் அதைப் பெண்ணாக்கியதா என்று ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

வேதாளமும் இப்படித்தான் குழப்பும். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கிய இதழ். அதன் விக்கிரமன் கதைகளின் படத்தில், மன்னன் தோளில் பிணம் தொங்குவதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை குறைவு. அந்த வேதாளத்தை ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் எழுதியபோது ‘விக்கிரமனும் வாம்பயரும்’ என்றே தம் நூலுக்குப் பெயர் வைத்தார். ஆகவே சுடுகாடு, முருங்கை மரம், தோளில் பிணம், விடுகதை ஆகியவை உங்கள் நினைவில் இருந்தால் நீங்கள் தேடுவது ஐரோப்பியக் காட்டேரியை அல்ல. அசைவற்ற ஒரு புத்தகப் படம் நினைவுக்குள் அசையத் தொடங்கியிருக்கவும் கூடும்.

எந்த வழியாக வந்தது?

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் தேதி ஐ.டி.என். நிறுவனத்தோடு தொடங்கியது. ஆனால் அது அப்போது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. மலைநாட்டுக்குப் படம் வந்தது ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் தேதி ரூபவாஹினி தொடங்கிய பிறகு. அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் நிற்கிறது. அதற்கு முன்னால் பூனாகலையில் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அவர் ஆண்டை மாற்றிச் சொல்கிறார். சினிமாக் கொட்டகையில் பார்த்திருக்கலாம். அந்தக் கோணத்தில் விசாரியுங்கள்.

1980களில் லயக் காம்பராக்களில் மின்சாரம் அரிது. டீவி இருந்தால் அது 12 வோல்ட் கார் பற்றரியில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. பற்றரியை பஸ்ஸில் ஏற்றிப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். கணக்கப்பிள்ளை வீட்டிலோ லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவிலோ ஒரு பெட்டி இருந்தால் முழு லயமும் அந்த இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்காரும். ஏரியலைத் திருப்ப ஒருவர் வெளியே நிற்பார். மூடுபனி இறங்கும் நேரத்தில் அவர் முகம்கூடத் தெரியாது, குரல்தான் கேட்கும்.

தேடுகிறவருக்கு இந்தப் பற்றரி இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, நிறம். பற்றரி டீவியில் பார்த்த படத்தில் ‘காட்டேரியின் போர்வை உள்ளே சிவப்பாக இருந்தது’ என்று நினைவிருந்தால் அந்தச் சிவப்பு பிற்காலத்தில் சேர்ந்தது. அதை வைத்துத் தேடாதீர்கள். மற்றது, முடிவு. பற்றரி இறங்க இறங்கத் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், பிறகு ஒரு புள்ளியாகிப் போய்விடும். படத்தின் முடிவு நினைவில்லை என்று வருந்துகிறவர்களில் பலர் முடிவைப் பார்க்கவே இல்லை. ஆகையால் கொப்பியில் ‘முடிவு மறந்துவிட்டது’ என்று எழுத வேண்டாம். ‘முடிவு இல்லை’ என்று எழுதுங்கள். படத்தைக் கண்டுபிடித்து முழுதாகப் பார்க்கும்போது கடைசிப் பத்து நிமிடம் அந்நியமாக இருந்தால், அதற்காக அந்தப் படத்தை ஒதுக்கிவிட மாட்டீர்கள்.

ரூபவாஹினியில் பார்த்ததென்றால் குரல் சிங்களத்தில் இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம். டைட்டஸ் தொட்டவத்த என்ற பெரிய கலைஞர் அங்கே வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையை நடத்தினார். பக்ஸ் பன்னி என்ற முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது. டாக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆனார். அவை மொழிபெயர்ப்பு போலவே இருக்காது. அந்த முயல் சிங்களக் கிராமத்தில் பிறந்ததுபோலப் பேசும். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த எங்களுக்கும் அது புரிந்தது. 2011இல் அவர் மறைந்தபோது தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளாக வளர்ந்த நாங்களும் ஒரு மாமாவை இழந்ததுபோல உணர்ந்தோம்.

மொழியைப் பற்றி ஒரு விதி. வசனத்தின் பொருளை நினைவு தன் சொந்த மொழிக்கு மாற்றிவிடும். பாட்டும் கூச்சலும் மந்திரமும் பெயரும் பார்த்த மொழியிலேயே தங்கும். ‘அவன் தமிழில்தான் பேசினான்’ என்று உறுதியாகத் தோன்றினாலும், அதே படத்தில் வந்த ஒரு பாட்டின் ஓசை உங்கள் வாயில் சிங்களமாக வந்தால், படம் சிங்களத்தில்தான் ஓடியது.

அடுத்த வழி டெக். வீடியோ டெக்கையும் கலர் டீவியையும் பண்டாரவளையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து, மாரியம்மன் திருவிழாவிலோ தீபாவளியிலோ விடிய விடியப் படம் போடுவார்கள். அதற்குப் பற்றரி போதாது. ஜெனரேட்டர் வேண்டும், அல்லது ஸ்டோரிலிருந்தோ (தேயிலைத் தொழிற்சாலையிலிருந்தோ) ஸ்டாஃப் வீட்டிலிருந்தோ வயர் இழுக்க வேண்டும். உங்கள் நினைவில் பின்னணியாக ஒரு மோட்டார்ச் சத்தம் ஓடுகிறதா? திறந்த வெளியா? பக்கத்தில் பெரியவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா? படத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு ரஜினி படம் ஓடியதா? அப்படியானால் அது டெக். டெக்கில் வந்தது உலகின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம். பெரும்பாலும் மூல மொழியிலோ ஆங்கிலத்திலோ.

1990களில் தனியார் அலைவரிசைகள் வந்தன. தமிழுக்கென்று சக்தி டிவி 1998இல் வந்தது. பின்னர் லயங்களின் தகரத்துக்கு மேல் இந்திய டிஷ்கள் முளைத்தன. சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரல் 29இல் தொடங்கியது. அதன் பிறகு வளர்ந்த பிள்ளைக்குக் கார்ட்டூன் என்றாலே தமிழ் பேசுவது. ஆகவே காட்டேரி சென்னைத் தமிழில் பேசியதாக நினைவிருந்தால், உங்கள் ஆண்டு 2000களுக்கு இந்தப் பக்கம். இந்த ஒரே குறிப்பு தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எதைப் பிடித்துத் தேடுவது?

நீண்ட பல், சவப்பெட்டி, பூண்டு, சிலுவை, கண்ணாடியில் உருவம் தெரியாமை, சூரிய வெளிச்சத்தில் எரிந்துபோவது. இவை பெரும்பாலான காட்டேரிப் படங்களில் உண்டு. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயிலில் அழிவது 1922இல் ஜெர்மனியில் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’ மௌனப் படத்தோடு தொடங்கிய வழக்கம். அதன் பிறகு பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பொதுவானது எதையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் கொப்பியில் மிகவும் விசித்திரமாக, ‘இது உண்மையாக இருக்காது’ என்று நீங்களே வெட்கப்பட்டு எழுதிய ஒரு வரி இருக்கும். அதைப் பிடியுங்கள்.

அகன்ற தொப்பி போட்ட ஒருவன் தனியாகக் குதிரையில் போகிறான். அவனுடைய இடது உள்ளங்கையில் ஒரு முகம் இருந்து பேசுகிறது. இதை ஒருவர் சொன்னால் வேறு படமே இல்லை. ஹிதேயுகி கிக்குச்சியின் நாவல்களிலிருந்து ஜப்பானில் எடுத்த ‘வாம்பயர் ஹண்டர் டி’. அதில் இரண்டு படம் உண்டு. முதலாவது 1985இல், இரண்டாவது 2000இல். ஒரு பண்ணைப் பெண் தன்னைக் காப்பாற்ற அவனை வேலைக்கு அமர்த்தியது நினைவிருந்தால் முதலாவது. கறுப்பு வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுபோகும் காட்டேரியை வேறொரு வேட்டைக் கூட்டமும் துரத்துகிறது, முடிவில் கோட்டையே ராக்கெட்டாக எழும்புகிறது என்றால் இரண்டாவது. இரண்டும் ரத்தம் நிறைந்த பெரியவர்களுக்கான படங்கள். கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கு என்று நம்பிப் பெரியவர்கள் நம்மை முன்னால் உட்கார வைத்தார்கள். இத்தனை ஆண்டு நீங்காத பயத்துக்கு அது ஒரு காரணம்.

பாடசாலைச் சீருடை அணிந்த பெண்ணின் கையில் நீண்ட வாள், சுற்றிலும் அமெரிக்கப் படையினர், விமானத் தளம் என்றால் அது 2000இல் ஜப்பானில் வந்த ‘பிளட்: தி லாஸ்ட் வாம்பயர்’. கதை 1966இல், ஜப்பானில் உள்ள அமெரிக்கத் தளமொன்றில் நடக்கிறது. ஒரு மணி நேரம்கூட ஓடாது. டிராகுலா ஹாம்பர்கர் தின்கிறான் என்று எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள். 1980இல் ஜப்பானிய டோயெய் நிறுவனம், மார்வெல் சித்திரக்கதையை வைத்து எடுத்த தொலைக்காட்சிப் படத்தில் அந்தக் காட்சி உண்மையாகவே இருக்கிறது. எக்காளம் ஊதும் இளைஞன், வெயிலிலும் காட்டேரிகள் நடமாட ஒரு மருந்து, கடற்கரை நகரம் என்றால் ஹுவான் பத்ரோன் 1985இல் கியூபாவில் எடுத்த ‘ஹவானாவில் காட்டேரிகள்’.

பச்சை நிற வாத்து ஒன்று போர்வை போட்டிருந்ததா? அது படமே அல்ல, தொடர். ‘கவுண்ட் டக்குலா’, பிரிட்டனில் 1988 முதல் 1993 வரை 65 அத்தியாயங்கள். வாத்தை உயிர்ப்பிக்கும் சடங்கில் ரத்தத்துக்குப் பதிலாகத் தக்காளி சோஸை ஊற்றிவிடுவார்கள், அதனால் அது சைவமாகிவிடும். பெரிய உடம்பும் கையில் கட்டும் கொண்ட தாதி ஒருத்தியும் வருவாள். பயந்தாங்கொள்ளி நாயும் ஒல்லியான பையனும் இருந்தால் ஸ்கூபி டூ. அதில் டிராகுலாவின் மகள் படிக்கும் பெண்கள் பள்ளி, டிராகுலா நடத்தும் கார்ப் பந்தயம் என இரண்டு படங்கள் 1988இலேயே வந்தன. பாத்திரங்கள் பொம்மைபோல விட்டுவிட்டு அசைந்தால் 1967இல் வந்த ‘மேட் மான்ஸ்டர் பார்ட்டி’யைப் பாருங்கள். பேட்மேன் வந்திருந்தால் அது 2005இல் வந்த படம்.

‘ஹோட்டல் டிரான்சில்வேனியா’ 2012இல் வந்தது. அதை இங்கே சொல்வது நீங்கள் தேடும் படம் அதுவாக இருக்கலாம் என்பதற்காக அல்ல, அதனால் வரும் கெடுதலைச் சொல்ல. உங்கள் பிள்ளைகளோடு அதைப் பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள். அந்த டிராகுலாவின் முகம் உங்கள் பழைய காட்டேரியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். நினைவில் உள்ள முகம் வழவழவென்று கணினியில் செய்த உருவம்போலத் தெரிந்தால், நீங்கள் 1990க்கு முன் பார்த்தவராக இருந்தால், அந்த முகத்தை மனத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

இன்னொரு நுட்பம். பார்த்தது கார்ட்டூன்தானா? ஆங்கேலா சொம்மர்-போடன்புர்க் 1979இல் எழுதத் தொடங்கிய ஜெர்மன் சிறுவர் நூல்களில், ஆன்டன் (ஆங்கிலத்தில் டோனி) என்ற சிறுவனுக்கு ஒரு குட்டிக் காட்டேரி நண்பனாகிறான். 2000இல் அதை நடிகர்களை வைத்து எடுத்தார்கள். 2017இல் கார்ட்டூனாக எடுத்தார்கள். 2004ஆம் ஆண்டுவாக்கில் பதுளையில் குறுந்தட்டு வாங்கிப் பார்த்த ஒருவர் ‘கார்ட்டூன்’ என்று அடித்துச் சொன்னாலும், அவர் பார்த்தது நடிகர்கள் நடித்த படமாகத்தான் இருக்க முடியும். அதேபோல, கைகளை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வரும், நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டிய பேய் ஐரோப்பாவைச் சேர்ந்ததே அல்ல. சீன மரபில் வரும் அந்தப் பிணம், 1985இல் ஹாங்காங்கில் வந்த ‘மிஸ்டர் வாம்பயர்’ படத்துக்குப் பின் டெக்குகள் வழியாக ஆசியா முழுவதும் போனது. அதுவும் நடிகர்கள் நடித்ததே.

என் தேடல்

என் கொப்பியில் இருந்தது இவ்வளவுதான். நெட்டையான, வெளிறிய மனிதன். கல் கோட்டை, அதாவது பங்களா. யாரோ ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால் அவன் வௌவாலாவான், இன்னொரு சொல்லில் திரும்ப மனிதனாவான். ஒரு பாறையைத் தலைக்கு மேல் தூக்கியபோது வௌவாலாகிவிட, பாறை அவன் மேலேயே விழும். இரண்டு தலைப் பறவை. குரல் சிங்களம். கதாநாயகன் யார் என்ற இடம் காலி.

சிங்களக் குரல் என்பதால் ரூபவாஹினி என்று முடிவு கட்டி, முழுநீளப் படங்களாகத் தேடி ஒரு வருடத்துக்கு மேல் வீணாக்கினேன். வழி திறந்தது ஒரு விளையாட்டினால். எங்கள் லயத்தில் ‘அப்பக்கடை’ என்றொரு விளையாட்டு இருந்தது. ஒருவன் ‘அப்பக்கடை’ என்று கத்தினால் மற்றவன் கையை விரித்து வௌவால்போல ஓட வேண்டும். ‘போக்குப்போக்கு’ என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்துக் காம்பரா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து இந்த விளையாட்டு எப்போது தொடங்கியது என்று கேட்டேன். “திருவிழாவுல டெக்குப் போட்டாங்களே, அதுக்கு மறுநாள்தான் தம்பி. ஜெனரேட்டர் நின்னு நின்னு ஓடுச்சே, ஞாபகம் இல்லையா?” என்றார். கடைக்காரர் பிள்ளைகளுக்கென்று ஒரு கார்ட்டூன் கசட்டையும் சேர்த்துக் கொடுத்தாராம். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில் அதைப் போட்டார்கள்.

டெக் என்றால் ஆங்கிலம். அப்பக்கடை என்பது ‘ஆப்ரகடாப்ரா’. போக்குப்போக்கு என்பது ‘ஹோக்கஸ் போக்கஸ்’. அதன் பிறகு பத்து நிமிட வேலை. சக் ஜோன்ஸ் இயக்கி 1963இல் வெளிவந்த ‘டிரான்சில்வேனியா 6-5000’. ஏழு நிமிடம் ஓடும் பக்ஸ் பன்னி கார்ட்டூன். முயல் வழிதவறிக் கோட்டைக்கு வருகிறது, படுக்கையில் ஒரு மந்திரப் புத்தகத்தைப் படிக்கிறது, அந்தச் சொற்களால் காட்டேரிப் பிரபு மாறி மாறி அலைகிறான், பாறை அவன் மேலேயே விழுகிறது. இரண்டு தலைக் கழுகும் இருந்தது.

சிங்களக் குரல் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது விளங்கியது. அந்த முயலை நான் ரூபவாஹினியில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’வாகப் பார்த்துப் பழகியவன். டெக்கில் ஆங்கிலம் பேசிய முயலுக்கும் என் நினைவு அந்தச் சிங்களக் குரலையே கொடுத்திருக்கிறது. குரலைத் தக்கவைத்துக்கொண்டு முயலையே மறந்திருக்கிறேன். பயந்த பிள்ளையின் கண் பேயை விட்டு அகலாது; பேயை வென்றவனைப் பார்ப்பதே இல்லை. ஆகவே கதாநாயகன் நினைவில்லை என்றால் அந்த இடத்தில் விலங்கையும் வைத்துப் பாருங்கள். நீளத்தையும் நம்பாதீர்கள். நான் இரண்டு மணி நேரப் படம் என்று நினைத்தது ஏழே நிமிடம்.

கேட்க வேண்டியவர்கள்

என் தேடலில் உதவியது கணினி அல்ல, உடன் உட்கார்ந்திருந்த ஒருவர். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் மலையகத்தில் கடினமான பகுதி. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுப் போனவர்கள் வடக்கிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த வீடுகளோடு கசட்டுகளும் கொப்பிகளும் போய்விட்டன. சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பது மனிதர்கள்தான், அவர்களுக்கும் வயதாகிறது.

கேட்கும் முறையில் கவனம் வேண்டும். ‘முயல் வந்த படம்தானே?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பார்கள். உங்கள் கதையைச் சொல்லாமல், அன்றைக்கு மழையா, யார் வீட்டில், என்ன தின்றோம், மறுநாள் என்ன விளையாடினோம் என்று கேளுங்கள். பெரியவர்களிடம் படத்தைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள், தூங்கியிருப்பார்கள். டெக் வாடகைக்கு யார் காசு சேர்த்தார்கள், அது எந்த வருடத் திருவிழா என்று கேளுங்கள். அது அவர்களுக்கு மறக்காது. உங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர்களே சிறந்த சாட்சிகள். படத்தைப் புரிந்து பார்க்கும் வயது அவர்களுக்கு இருந்தது, உங்களைப்போல முகத்தைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

தொலைக்காட்சியில் பார்த்தது என்று உறுதியானால் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பழைய நாளிதழ்களை அங்கே எடுத்துப் பார்க்கலாம். அன்றாட நிகழ்ச்சி நிரல் அவற்றில் கிடைக்கும். பாடசாலை விடுமுறையா, பொங்கலா என்ற அளவுக்குக் காலத்தைச் சுருக்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் தாள் புரட்டியே நாள் போய்விடும்.

படம் கிடைத்துவிட்டது என்று தோன்றினால் யூடியூபில் ஒரு துண்டைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். முதல் நாள் எழுதிய பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பாருங்கள். நீங்கள் எழுதிய விசித்திரமான வரிகளில் மூன்று ஒத்துப்போனால் அதுதான் படம். ஒன்று மட்டும் ஒத்துப்போனால் இன்னும் தேடுங்கள், ஆசையால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிறகு அதே கொப்பியில் கடைசியாக எழுதுங்கள்: படத்தின் பெயர், வந்த ஆண்டு, நீங்கள் பார்த்த ஆண்டு, தோட்டம், டிவிஷன், யாருடைய காம்பரா, பற்றரியா ஜெனரேட்டரா, எந்த மொழி, உடன் இருந்தவர்கள். முதல் இரண்டும் உலகத்தில் எங்கேயும் கிடைக்கும். மற்றவை உங்கள் கொப்பியைத் தவிர வேறெங்கும் இல்லை.